தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர்கள்

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் பதினான்கு சபைகளின் வாலிபர் தலைவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் எல்லாரும் உண்டு. விபிஎஸ், கேரல் ரவுண்ட்ஸ் தேதிகள் மோதாமல் பார்த்துக்கொள்ளவும், அவசரத்துக்கு ரத்தம் கேட்கவும்தான் தொடங்கினோம். போன மாதம் ஒரு தம்பி தன் அக்கா குழந்தையின் ஞானஸ்நானப் படத்தைப் போட்டான். உடனே வேறொரு சபை பிரதர், 'குழந்தைக்கு ஞானஸ்நானம் வேதத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டு வரிசையாக வசனங்களைப் போட்டார். ராத்திரி ஒரு மணி வரை சண்டை. விடிந்து பார்த்தால் ஐந்து பேர் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். நான்தான் அட்மின். சத்தியம் என்று நம்புவதைச் சொல்லாமல் இருப்பதும் தப்புதானே? குழுவையே கலைத்துவிடட்டுமா?
— சேகர வாலிபர் ஐக்கியச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: கலைக்க வேண்டாம் தம்பி. அந்த விவாதத்தை முடித்துவைக்கவும் முயற்சி பண்ண வேண்டாம். 1525-ல் சூரிக் நகரத்தில் சிலர் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். 1527 ஜனவரியில் அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை, கைகளைக் கட்டி அந்த ஊர் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசினவருக்குத் தண்ணீராலேயே தண்டனை. செய்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஐந்நூறு வருஷமாகத் தீராத வழக்கு உங்கள் குழுவில் ராத்திரி ஒரு மணிக்கா தீர்ந்துவிடப் போகிறது?

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை இரண்டு தடவை படித்தேன். படம் வந்தது 7.42-க்கு. பாட்டி மடியில் வெள்ளைக் கவுன் போட்ட குழந்தை, தலைமுடியில் இன்னும் ஈரம். பாட்டி கேமராவைப் பார்க்கவில்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் பதில் 7.44-க்கு. அதுதான் அந்தக் கேள்வி. பிள்ளைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று கடைசி வரை ஒருத்தரும் கேட்கவில்லை, அந்தப் பிரதருக்கு எதிராக வாதாடினவர்கள் உட்பட. அவர் கேட்டதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கிற மாதிரி, கேட்ட இடம்தான் தப்பு.

ஞானஸ்நானத்தைப் பற்றியே ஒரு திருத்தம் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அலெக்சந்திரியாக்காரரான அப்பொல்லோ எபேசுவுக்கு வருகிறார். பேச்சு வன்மை, வேத அறிவு, வைராக்கியம் மூன்றும் உண்டு. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது யோவானின் ஞானஸ்நானம் மட்டும். ஜெப ஆலயத்தில் அவர் பேசுவதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்கிறார்கள். அங்கேயே எழுந்து மறுத்துப் பேசவில்லை. பிற்பாடு அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு விவரமாக எடுத்துச் சொல்கிறார்கள். இவர்கள் கூடாரம் செய்து பிழைத்த தம்பதி, அவரோ படித்த பேச்சாளர். அவர் காது கொடுத்ததற்கு, நாலு பேர் நடுவில் தன் மானம் போகவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அடுத்து அவர் அகாயாவுக்குப் புறப்பட்டபோது, அங்குள்ளவர்கள் அவரை ஏற்றுக்கொள்ளும்படி சகோதரர்கள் கடிதமே எழுதிக் கொடுத்தார்கள்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். இருபத்திரண்டு வயதில் ஒரு வாலிபர் முகாமில், செய்தி கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் யோனாவைத் திமிங்கலம் விழுங்கியது என்றார். நான் கையைத் தூக்கி, 'அண்ணே, பைபிள்ல பெரிய மீன்னுதான் இருக்கு' என்றேன். கூட்டமே சிரித்தது. அவர் பத்தே நிமிஷத்தில் செய்தியை முடித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த முகாமுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. மீன் விஷயத்தில் நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சரிதான்.

'பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்பாகவும் கண்டிக்கவில்லையா?' என்று உங்கள் பிரதர் கேட்பார். (என்னிடமே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.) கண்டித்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது. எதற்காகக் கண்டித்தார் என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பந்தியைப் பிரித்ததற்காக விழுந்த திட்டு அது. அதையே காட்டிப் பந்தியைப் பிரிக்கிறவர்களை என்ன சொல்ல?

பந்தி என்றதும் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் நினைவுக்கு வருகிறார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்.எம்.சி.ஏ.-யில் வாலிபர் ஊழியம் செய்து வளர்ந்தவர். 1910-ல் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டில், மிஷனரிமார் பொருளைத் தருகிறார்கள், உடம்பையும் வருத்திக்கொள்கிறார்கள், ஆனால் இந்திய ஊழியனை நண்பனாக நினைத்துப் பழகுவதில்லை என்ற பொருள்படப் பேசினார். கேட்டவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அதுவும் பொதுமேடைதானே என்பீர்கள். மேடைதான், ஆனால் யாரையும் பேர் சொல்லி எழுப்பி நிறுத்தவில்லை.

இரண்டு வருஷத்தில் தோர்னக்கல் பேராயர் ஆனார். 1919-ல் தரங்கம்பாடியில் சபை ஐக்கியப் பேச்சைத் தொடங்கினவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பேச்சு முடிந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-ல்தான். இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. பார்க்க அசரியா இல்லை, 1945-லேயே காலமாகிவிட்டார். ஒன்றான பிறகும், ஒரு சபையாருக்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையை அவர்கள் தலையில் கட்டுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். நீங்கள் அங்கம் வகிக்கிற சபை பிறந்த கதைதான் இது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் அந்தத் தம்பி வீட்டுக்குப் போங்கள். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போங்கள், பேரைக் கேளுங்கள். அப்புறம் அந்தப் பிரதருக்குப் போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், எழுத்தில் குரல் கேட்காது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் சபையில் அப்படித்தான் போதித்திருப்பார்கள், ஆத்தும பாரம் அவருக்கு நிஜமாகவே இருக்கலாம். பேசித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நேரில் உட்காரட்டும். பைபிளோடு டீயும் வடையும் இருக்கட்டும். வாயில் வடை இருக்கும்போது ஏழு வசனத்தை அடுக்க முடியாது. போன ஐந்து பேரைக் கேட்காமல் மறுபடி ஆட் பண்ணாதீர்கள், அது கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அட்மின் மட்டும் எழுதலாம் என்ற பூட்டை ராத்திரி பத்து மணிக்குப் போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். பகலிலும் பூட்டினால் குழு இருக்காது, நோட்டீஸ் போர்டுதான் இருக்கும்.

கேள்வி: நான் ஒரு சபையின் யூத் லீடர். பல சபைகள் சேர்ந்த குழுவில் நான் ஏதாவது எழுதினால் பதில் அங்கே வராது. 'சிஸ்டர், ஒரு சின்ன ஆலோசனை' என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தனி மெசேஜில் வரும். பதில் போடாவிட்டால் பெருமை பிடித்தவள் என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: மேலே தனியாகச் சொல்லச் சொன்ன அதே வாயால் சொல்கிறேன், இது வேறு சங்கதி. அப்பொல்லோவிடம் பேசினது புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர். ராத்திரி பதினொரு மணிக்கு ஒற்றை ஆளாக வருகிற ஆலோசனைக்குப் பதில் போடும் கடமை உங்களுக்கு இல்லை. மறுநாள் காலையில், குழுவிலேயே, 'நேற்று ராத்திரி பிரதர் என்னிடம் கேட்டதற்குப் பதில்' என்று தொடங்கி எழுதிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு தடவையே போதும். நிற்காவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு அந்த ஆளின் பாஸ்டரிடம் போங்கள். அவர் 'சகோதர அன்பும்மா' என்று மழுப்பினால் பாஸ்டரம்மாவிடம் காட்டுங்கள். இன்னொன்று: ரோமர் 16-ல் பவுல் அந்தத் தம்பதிக்கு வாழ்த்துச் சொல்லும்போது பிரிஸ்கில்லாள் பேரைத்தான் முதலில் சொல்கிறார். உங்கள் குழுவில் உங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: கத்தோலிக்க நண்பர்கள் 'திருப்பலி', 'தூய ஆவி' என்கிறார்கள். நாங்கள் 'ஆராதனை', 'பரிசுத்த ஆவி' என்கிறோம். பொது அறிவிப்பை யார் சொல்லில் போடுவது?
— காரைக்குடி

பதில்: அவர்கள் நிகழ்ச்சிக்கு அவர்கள் சொல், உங்கள் நிகழ்ச்சிக்கு உங்கள் சொல். சேர்ந்து நடத்துவதற்குக் 'கூடுகை' என்று போட்டால் யாருக்கும் உறுத்தாது. இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995-ல் திருவிவிலியத்தைப் பொது மொழிபெயர்ப்பாகக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் உங்கள் பாட்டி தலையணைக்குப் பக்கத்தில் இருப்பது பழைய பைபிளாகத்தான் இருக்கும். நாக்கில் பழகின சொல்லைத் திருத்தப் போகாதீர்கள். தப்பாகக் கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். நான் ஒரு தடவை கத்தோலிக்க விழா ஒன்றிலிருந்து நேராக ஒரு சி.எஸ்.ஐ. ஐயர் வீட்டுக்குப் போன வேகத்தில், 'வணக்கம் ஃபாதர்' என்றுவிட்டேன். ஐயர் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்திப் போட்டார். காபியோடு வந்த ஐயரம்மாதான் கேட்டார்: "அப்போ நான் யாரு தம்பி?"