மழையை அளக்கும் பிள்ளைகள்

கஹவத்தைப் பக்கம் மே மாதத்திலும் ஒக்டோபரிலும் மழை பிடித்தால் இலேசில் விடாது. "ராத்திரி பேய் மழை" என்று மறுநாள் காலையில் பீலியடியில் பேசிக்கொள்வோம். எவ்வளவு மழை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆபீஸ் மழைமானியைப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். மலைச்சரிவில் லயத்தில் படுத்திருக்கிற நமக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இம்முறை எழுத வந்த நாம் மழையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. 2017 மே கடைசியில் நமது இரத்தினபுரி மாவட்டத்திலேயே பல இடங்களில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு பட்ட பாடு சொல்லி முடியாது.

மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் பார்க்கிற கணக்கு பெரிய கணக்கு அல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனமாக இருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், இடத்தை விட்டு விலக வேண்டும். பெரியவர்களுக்கு இஞ்சிக் கணக்குத்தான் பழக்கம். மூன்று, நான்கு, ஆறு இஞ்சி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மில்லிமீற்றர் ஏழாம் தரத்துப் பிள்ளையின் கணித பாடத்தில் இருக்கிறது. கொப்பியில் மாற்றி எழுதி, ஆசிரியரிடம் சரி வாங்கி, மறுவாரம் மறந்து போகிற பாடம் அது. அதே மில்லிமீற்றரை வாசல் ஓரத்தில் பிள்ளை தானே அளந்து பார்த்தால் மறக்காது.

இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று போதும். மேல்பக்கம் குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனல் போல உள்ளே வைக்க வேண்டும். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் சிறு கற்கள் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றிக் கோடு போட வேண்டும். அந்தக் கோடு பூச்சியம். அதிலிருந்து மேலே அடிமட்டத்தை ஒட்டலாம். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில், காற்றில் சாயாமல் ஊன்றி வைக்க வேண்டும்.

இதை அப்பா செய்து கொடுத்தால் அது அப்பாவின் மழைமானி. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிள்ளை விளையாடப் போய்விடும். வெட்டு கோணலானாலும் பிள்ளை செய்யட்டும். கத்தி பிடிக்கிற வேலையில் மட்டும் பெரியவர்கள் கூட இருங்கள்.

வைத்தவுடனே சண்டை வரும். "என் போத்தல் பெருசு, எனக்குத்தான் கூட மழை" என்று ஒரு பிள்ளை சொல்லும். விடை தெரிந்தாலும் நாம் வாயை மூடிக்கொள்வது நல்லது. பெரிய போத்தலையும் சின்னப் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று மழைக்குப் பார்க்கட்டும். வாய் அகலமானால் விழுகிற தண்ணீரும் கூட, அது பரவுகிற இடமும் கூட. ஆகவே உயரம் ஒன்றாகவே வரும். வாய் அகன்று அடி ஒடுங்கிய வாளியில் மட்டும் கணக்குப் பிழைக்கும். ஏன் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாடத்தை இனி யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கொரியாவில் 1441ஆம் ஆண்டளவில் ஓர் இளவரசர், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தோண்டிப் பார்த்தாராம். மண்ணின் ஈரத்தை வைத்துச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதன்பிறகே பாத்திரம் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். அவரும் செய்து பார்த்து, தவறி, பிறகுதான் படித்தார்.

அளவை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு எடுக்கிறது. அந்நேரம் பிள்ளை பாடசாலையில் இருக்கும், ஆகவே 6.30 என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் போன் இருந்தால் ஒரு படம் பிடிக்கட்டும். 42ஆ 45ஆ என்று வாக்குவாதம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எழுதுவது மட்டும் பிள்ளையின் கையால் கொப்பியில் எழுதப்பட வேண்டும். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும்.

பத்து நாள் போனதும் ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 7 பேர்ச்சஸ் காணி ஏறக்குறைய 177 சதுர மீற்றர். 75 மில்லிமீற்றர் பெய்தால் அதில் விழுவது 13,000 லீற்றருக்கு மேல், அதாவது 13 தொன். கான் அடைபட்டிருந்தால் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் இறங்கும். மண் பாரமாகும், பிடிப்புத் தளரும். கான் ஏன் வெட்ட வேண்டும் என்று பெரட்டில் எத்தனை தடவை சொன்னாலும் நமக்கு ஏறாதது, பிள்ளையின் கொப்பியைப் பார்த்தால் ஏறும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது படிக்கிற கருவி. இதன் இலக்கம் குறைவு என்று நம்பி யாரும் உள்ளே இருந்துவிடக் கூடாது. நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றால், போத்தலைப் பார்க்காமல் வெளியேறுங்கள். 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம். அடைமழை இரவில் போத்தலைப் பார்க்கப் பிள்ளையை அனுப்பவே கூடாது. டோர்ச் எடுத்துக்கொண்டு பெரியவர் போய் வந்து இலக்கத்தைச் சொன்னால் போதும்.

மாத முடிவில் கொப்பிகளை நம்மிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். ஆபீஸ் மழைமானிக் கணக்கோடு வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப் போகாது. ஏன் ஒத்துப் போகவில்லை என்பதைப் பிள்ளை சொல்லட்டும், நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.