முடிவில்லா விளையாட்டு

சதுரங்கத்தில் அரசன் சிக்கினால் ஆட்டம் முடிந்தது. சடுகுடுவிலும் நேரம் தீர்ந்ததும் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். ஆனால் கணிப்பொறி வலையின் வழியே ஆயிரக்கணக்கானோர் கூடி, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் விளையாட்டுகளுக்கு முடிவென்பதே இல்லை. முடிவில்லாத ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஆடுவது ஏன் தோழியரே?

இவ்வகைக்கு முன்னோடி, 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கிய 'மட்'. அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். உடன் உழைத்த ரிச்சர்ட் பார்ட்டில், ஆட வருவோர் நால்வகையினர் என 1996-ல் எழுதினார். புள்ளியும் பதவியும் தேடுவோர், புதிய இடங்களைத் துருவிப் பார்ப்போர், பேசிப் பழக வருவோர், பிறரை வீழ்த்தி மகிழ்வோர். (நான்காம் வகையினர் எந்த மைதானத்தில்தான் இல்லை!)

2004-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்நால்வருக்கும் இடமளித்தது. முதற்படிகளை விரைவில் ஏறிவிடலாம். மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு படிக்கும் நேரம் கூடும். அன்றைய உச்சமான 60-ஆம் படியை எட்டியவர்களுக்கு, நாற்பது பேர் சேர்ந்தே வெல்லக்கூடிய எரிமலைக் குகை ஒன்று காத்திருந்தது. ஒருவர் முன்னின்று அடிகளைத் தாங்குவார், சிலர் காயம் ஆற்றுவார்கள், மற்றவர் தாக்குவார்கள். காயம் ஆற்றுபவர் வராவிடில் அனைவரும் வீழ்வர். ஆகவே, "இன்றிரவு நான் வரவில்லை" என்று சொல்ல யாருக்கும் எளிதில் மனம் வராது. என் கருத்தில், இதுவே மற்றெல்லாவற்றையும்விட வலிய கட்டு.

பரிசு மற்றொரு கட்டு. குகையின் அரக்கன் வீழ்ந்தாலும் நாற்பது பேருக்குக் கிடைப்பவை சில பொருள்களே. எது விழும் என்பதும் தெரியாது. தானியம் எப்போது வரும் என்று தெரியாதபோது புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியல் அறிஞர் ஸ்கின்னர் சோதனையில் கண்டார். மனிதரும் இதில் புறாவுக்குச் சளைத்தவரல்லர். படிப்பையும் பிற கடமைகளையும் கைவிட்டு, கேடு வந்தபின்னும் நிறுத்த இயலாமல் ஆடுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

ஆயினும் நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீனின் வரலாறு வேறு வகையானது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் முடங்கிய அவர், விரல்களின் அசைவைக்கொண்டே 'ஈபெலின்' என்ற பெயரில் இதே விளையாட்டில் உலவினார். மகனுக்கு நண்பரே இல்லையே என்று பெற்றோர் வருந்தினர். 2014-ல், 25 வயதில், அவர் மறைந்தார். பெற்றோர் அச்செய்தியை வலையில் அறிவித்ததும், முன்பின் அறியாதவர்களிடமிருந்து மடல்கள் வந்து குவிந்தன. தம் துயரங்களைப் பொறுமையுடன் கேட்டு ஆறுதல் சொன்னவர் ஈபெலின் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுள் சிலர் வெளிநாடுகளிலிருந்து பயணப்பட்டு வந்து, அவரது அடக்கச் சடங்கில் பெற்றோருடன் நின்றார்கள்.