டிரெய்லருடன் ரோட்டுக்கு வரும் புது டிராக்டர்காரர்கள் கவனத்துக்கு

சொந்தமாக டிராக்டர் வாங்கிய விவசாயி, வயலில் ஒரு வாரம் உழுது கை பழகியதும் டிரெய்லரை மாட்டி, நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார். உழவுக்குப் பழகிய கையே ரோட்டுக்கும் போதும் என்று எண்ணுகிறார். ஆபத்து இங்கேதான் ஆரம்பமாகிறது.

40 குதிரைத் திறன் டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். லோடு ஏற்றிய டிரெய்லர் 4, 5 டன்னுக்குக் குறையாது. இதை இழுக்க டிராக்டருக்குச் சிரமம் இல்லை. நிறுத்துவதுதான் சிரமம். சாதாரண டிராக்டர்களில் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே பிரேக் உண்டு. டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. ஆகவே பிரேக் போட்டதும் பின்னால் உள்ள பாரம் டிராக்டரை முன்னே தள்ளுகிறது. வளைவில் இப்படித் தள்ளினால் டிராக்டரும் டிரெய்லரும் மடக்குக் கத்தி போல மடங்கிக் கவிழ்ந்துவிடும். எனவே லோடு வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் ஓட்டுவதே நல்லது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

டிராக்டருக்கு வலது, இடது என இரண்டு பிரேக் பெடல்கள் இருப்பது தெரிந்ததே. வரப்போரம் திரும்ப ஒற்றைப் பெடலை மிதிப்பது வழக்கம். அதற்காகப் பெடல்களை இணைக்கும் லாக்கைக் கழற்றி வைத்திருப்பார்கள். உழவு முடிந்து அப்படியே ரோட்டுக்கு வந்தால், அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் படும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று டிராக்டர் அந்தப் பக்கம் சுழன்றுவிடும். வயலை விட்டு ஏறும் முன் லாக்கைப் போட்டு, சமதளத்தில் மெதுவாக ஓட்டி பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரி செய்த பிறகே லோடு ஏற்றலாம். எண்ணெயில் ஓடும் பிரேக் இல்லாத பழைய வண்டியாக இருந்தால், சேற்றில் இறங்கி ஏறியதும் பிரேக் சரியாகப் பிடிக்காது. சிறிது தூரம் மெதுவாக மிதித்து மிதித்து ஓட்டி உலர விட வேண்டும்.

ஏரிக்கரை, வாய்க்கால் பாலம் போன்ற இடங்களில் இறங்கும்போது டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒரு லிட்டர்கூட மிச்சமாகாத இந்தக் காரியத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்றிவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற முயன்று, கியர் விழாமல் போனால் வண்டியைப் பிடிக்க முடியாது. கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் நியூட்ரலில் இறங்குவதும் ஒன்றே.

மேட்டில் ஏறும்போது வேறு ஆபத்து. கிளட்சைத் திடீரென்று விட்டால் முன்சக்கரம் தூக்கும். டிரெய்லரை உயரமான இடத்தில் மாட்டியிருந்தால் டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுபவர் மேலேயே விழலாம். கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். முன்சக்கரம் தூக்குவது தெரிந்தால் உடனே கிளட்சை மிதித்து, வண்டி பின்னோக்கி உருளாமல் பிரேக் போட வேண்டும். கொக்கிப் பின்னுக்குப் பதில் கிடைத்த போல்ட்டைச் செருகுவதும் கூடாது. பின் கழலாமல் கிளிப் போட்டு, கூடவே ஒரு சங்கிலியும் கட்டினால் நிம்மதி.

இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டைகளை அடுக்கும்போது, அச்சுக்கு முன்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பின்பக்கம் கனத்தால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பு குறையும். முன்பக்கம் மிகவும் கனத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

டிரெய்லர் சரக்குக்கு மட்டுமே. அதில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை. நடவுக்கு ஆட்களை அழைத்துப் போவதும், திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவதும் கிராமங்களில் சர்வசாதாரணம். உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் 2022 அக்டோபர் 1 அன்று குளத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 25 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதும் இதே ரகம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பிள்ளை விழுவது பின்சக்கரத்துக்கு முன்னால்தான்.

ரிவர்ஸ் எடுப்பதைக் காலியான களத்தில் இரண்டு கம்பு நட்டுப் பழகலாம். இரண்டு சக்கர டிரெய்லருக்கு ஓர் எளிய வழி: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். நான்கு சக்கர டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது பழகியவருக்கே தொல்லை. சுற்றுவழியானாலும் முன்னாலேயே ஓட்டித் திருப்பிக்கொள்வது மேல். திருப்பத்தில் டிரெய்லர் எப்போதும் உள்பக்கம் ஒதுங்கி வரும். முனையில் நிற்கும் சைக்கிள்காரரை நினைவில் வைத்து அகலமாக வளைக்க வேண்டும்.

இரவில் வைக்கோல், கரும்பு லோடு பின்விளக்கை மறைத்துவிடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரியும்படி சிவப்பு ஒளிர் பட்டையை லோடுக்கு வெளியே தெரியும் இடத்தில் ஒட்ட வேண்டும். வழியில் பஞ்சரானால் வண்டியைச் சுற்றிக் கல் வைப்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கற்களை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.