மூன்று கம்பிகளும் ஒரு செருகியும்

ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினி. பள்ளி மாணவர்கள் கணினியைத் தாமே தொட்டுப் பழக வேண்டும் என்னும் நோக்குடன் 2012-இல் பிரிட்டனில் வெளியிடப்பட்டது. 2014 முதல் வந்த பெரிய பலகைகளில் 40 ஊசிகள் இரு வரிசைகளாக நிற்கின்றன. அவற்றில் கம்பிகளை இணைத்துக் கணினியை வேறு கருவிகளுடன் பேச வைக்கலாம். ஆனால் ஓர் ஊசி தவறினாலும் பலகை பழுதாகக்கூடும். எனவே, இணைக்கும் முன் அந்த வழியே என்ன செல்கிறது என்று அறிந்துகொள்வோம்.

வரப்பில் நடப்பது போல

வயல் வரப்பில் எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல வேண்டும். சீரியல் வாயிலிலும் அப்படியே. 'A' என்னும் எழுத்தின் எண் 65. இரும எண்ணில் அது 01000001. இந்த எட்டுப் பிட்டுகளும் வலக்கோடியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செல்லும்.

கம்பி சும்மா இருக்கும்போது அதில் 3.3 வோல்ட் இருக்கும். அது 0 வோல்ட்டுக்கு இறங்கினால் "எழுத்து வருகிறது" என்று பொருள். இது தொடக்கப் பிட். கடைசியில் மீண்டும் உயர்வது முடிவுப் பிட். ஆக, ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள். நொடிக்கு 1,15,200 பிட்டுகள் என்னும் வேகத்தில் 11,520 எழுத்துகள் செல்லும்.

பெறுபவர் நேரத்தை எப்படி அறிகிறார்? மின்னழுத்தம் இறங்கிய கணத்தில் தம் கடிகாரத்தைத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் பார்க்கிறார். முடிவுப் பிட்டைப் பார்ப்பது 9.5 பிட் நேரம் கழித்து. அதற்குள் பிழை அரைப் பிட்டைத் தாண்டக்கூடாது. 0.5-ஐ 9.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு. இரு கடிகாரங்களும் இதைவிட அதிகம் வேறுபட்டால் எழுத்துகள் உருத்தெரியாமல் போகும். இரு பக்கமும் ஒரே வேகத்தை அமைப்பது இதனால்தான்.

இணைக்கும் முறை

8-ஆம் ஊசி அனுப்பும். 10-ஆம் ஊசி பெறும். 6-ஆம் ஊசி பொதுக்கம்பிக்கு உரியது. ஒருவர் வாய் மற்றவர் காதை நோக்க வேண்டும் அல்லவா? ஆகவே, அனுப்பும் ஊசியை எதிர்க்கருவியின் பெறும் ஊசியுடன் மாற்றி இணைக்க வேண்டும். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு. பொதுக்கம்பி இல்லையேல் 3.3 வோல்ட்டுக்குப் பொருளே இல்லை.

எச்சரிக்கை! அதே வரிசையில் உள்ள 2, 4-ஆம் ஊசிகளில் 5 வோல்ட் உண்டு. பழைய கணினிகளின் ஒன்பது ஊசி வாயிலிலோ 15 வோல்ட் வரை இருக்கலாம். அங்கு எதிர்க்குறி மின்னழுத்தமே 1, நேர்க்குறியே 0. இடையில் மேக்ஸ்3232 போன்ற சில்லு கட்டாயம் தேவை.

5 வோல்ட்டில் இயங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகைக்கு இரு மின்தடைகள் போதும். அதன் அனுப்பும் ஊசியிலிருந்து 1,000 ஓம் வழியாக 10-ஆம் ஊசிக்கும், அங்கிருந்து 2,000 ஓம் வழியாகப் பொதுக்கம்பிக்கும் இணைத்தால், 5 × 2/3 = 3.3 வோல்ட் கிடைக்கும்.

ஒலி வாயில்

ராஸ்பெர்ரி பை 4 பலகையில் 3.5 மில்லிமீட்டர் ஒலி வாயில் உண்டு. 2023-இல் வந்த 5-இல் இல்லை. செருகியின் நுனி இடப்பக்க ஒலி, அடுத்தது வலப்பக்க ஒலி, மூன்றாவது பொது, கடைசி படத்துக்கு உரியது. சில கம்பிவடங்களில் பின்னிரண்டும் இடம் மாறியிருக்கும், பார்த்து வாங்குங்கள். இது ஒலியை வெளியிடும் வாயில் மட்டுமே. மைக்கை இதில் செருகிப் பயனில்லை. 8 ஓம் ஒலிபெருக்கியையும் நேரே இணைக்கலாகாது. அதற்கு வேண்டிய மின்னோட்டத்தை இவ்வாயில் தராது. இடையில் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

செய்து பாருங்கள்

முதலில் அமைப்புகளில் சீரியல் வாயிலைத் திறந்து, அதன் வழியே உள்நுழைவதை நிறுத்திவிடுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, 8, 10-ஆம் ஊசிகளை ஒரு கம்பியால் இணையுங்கள். மீண்டும் இயக்கி, மினிகாம் நிரலில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓர் எழுத்தைத் தட்டுங்கள். அது திரையில் தோன்றினால், கம்பி வழியே சென்று திரும்பியிருக்கிறது என்று பொருள். கம்பியை எடுத்துவிட்டால் தோன்றாது.

ஒரு கேள்வி: இச்சோதனைக்குப் பொதுக்கம்பி ஏன் தேவைப்படவில்லை? சிந்தித்து விடை காணுங்கள்.