பழைய காரோட அடிப்பக்கத்துக்கு டச்-அப்: கம்பெனி கலரைப் பிடிக்க அக்காவின் டிப்ஸ்

தம்பி, தங்கச்சிகளா, சாரல் சீசன் முடிஞ்சு வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டா, நம்ம பாவூர்சத்திரம் பக்கம் பாதிப் பேருக்குக் கிடைக்கிற பதில் ஒண்ணுதான்: “அடியில துரு பிடிச்சிருக்கு, மொத்தமா கறுப்பு அடிச்சிரலாம்.” அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க. துருவைச் சுத்தமா எடுக்காம மேல கறுப்பு பூசினா, துரு உள்ள இருந்துக்கிட்டே தகட்டைத் தின்னும். மேல பார்த்தா எல்லாம் புதுசாத் தெரியும். ஒருநாள் தரையில ஓட்டை விழுந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

துரு வந்த இடத்தை மட்டும் எடுத்து, கம்பெனியில வந்த அதே கலர்ல, அதே பளபளப்புல மூடுறதுதான் சரியான வேலை. அடிப்பக்கத்துல பெரும்பாலும் வர்ற சாம்பல் கலர்ல புதுசா துரு வந்தா, ஒரு பொட்டு பழுப்பா இருந்தாலும் உடனே கண்ணுல படும். கலரைப் பொருத்துறதோட பெரிய லாபமே இதுதான். எப்படிச் செய்யணும்னு வரிசையாச் சொல்றேன்.

1. அடியில இருக்கிறது ஒரே கலர் இல்ல

கார் ஃபேக்டரியில தகட்டு பாடியைக் கழுவி, பாஸ்பேட் கரைசல்ல நனைச்சு, அப்புறம் ஒரு பெரிய தொட்டியில முழுசா முக்கி, கரண்ட் கொடுத்து பிரைமர் ஏத்துவாங்க. இதுக்கு ஈ.டி. கோட்டிங்னு பேர். அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி 1960-கள்ல இந்த முறையைக் கொண்டுவந்துச்சு. இப்போ உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. இந்தப் பூச்சு சுமார் 20 மைக்ரான்தான் இருக்கும். பெரும்பாலும் சாம்பல் கலர், சில வண்டிகள்ல கறுப்பு.

அதுக்கு மேல, தகடு சேருற இடத்துல சீலன்ட் ஓடியிருக்கும். வீல் மேல் வளைவுலயும் கதவுக்குக் கீழ் ஓரத்துலயும் கல் அடி தாங்குற பி.வி.சி. கோட்டிங் சொரசொரப்பா இருக்கும். கடைசியா மேல் பெயிண்ட் அடிக்கும்போது பறந்து வந்த பாடி கலர் ஓரங்கள்ல லேசாப் படிஞ்சிருக்கும். அதனால வேலையில இறங்குறதுக்கு முன்னாடி, துரு வந்த இடம் இதுல எந்தப் பூச்சுன்னு பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் கலரும் வேற, பூசுற விதமும் வேற.

வண்டியோட அமைப்பையும் பாருங்க: 1998-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி வந்த சான்ட்ரோ, அதுக்கு முன்னாடியே வந்த மாருதி 800, இதெல்லாம் பாடியும் அடித்தளமும் ஒண்ணா இருக்கிற வண்டிகள். சுமோ, பொலேரோ மாதிரி வண்டிகளுக்குச் சேசிஸ் தனி. அந்த சேசிஸுக்குக் கறுப்புதான் சரி. அதே கறுப்பை அதுக்கு மேல இருக்கிற பாடி தரைக்கும் சேர்த்து அடிச்சிராதீங்க.

2. ஒளிஞ்சிருக்கிற அசல் கலரைக் கண்டுபிடிங்க

வண்டியோட தரைத் தகட்டுல அங்கங்க வட்டமா ரப்பர் மூடி இருக்கும். ஒண்ணை விரலால நெம்பி எடுங்க. அது உட்கார்ந்திருந்த வட்டத்துல சகதியும் வெயிலும் படாத கலர் அப்படியே இருக்கும். சுத்தி இருக்கிறது செம்மண் ஏறி மங்கலா, லேசா மஞ்சளா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தாலே கலர் எவ்வளவு மாறியிருக்குன்னு தெரிஞ்சிரும்.

டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியிலயும், முன் சீட்டுக்குக் கீழ கார்பெட்டைத் தூக்கினாலும், வீல் வளைவுல இருக்கிற பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னாலயும் இதே மாதிரி அசல் கலர் கிடைக்கும்.

சின்ன இடத்துக்கு டச்-அப்னா, கழுவித் துடைச்ச சுத்துப்புறக் கலரோட பொருத்துங்க. ஒரு பக்கத் தரை முழுக்க அடிக்கிறதா இருந்தா, மூடிக்குக் கீழ பார்த்த அசல் கலரையே எடுத்துக்கோங்க.

3. கழுவாம கலர் பார்க்காதீங்க

சர்வீஸ் முடிஞ்சதும் அடியில கழிவு ஆயில் அடிச்சு அனுப்புற பழக்கம் நம்ம ஊர்ப்பக்கம் நெடுநாளா இருக்கு. அது சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், மண்ணைப் பிடிச்சு வைக்கும், புதுப் பெயிண்டை ஒட்டவிடாது. உங்க வண்டிக்கு அடிச்சிருந்தா, டிகிரீசர் போட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சு, ஷாம்பு தண்ணியில ரெண்டு தடவை கழுவி, ஒருநாள் முழுக்கக் காயவிடுங்க. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கிரும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சிட்டு, வெள்ளைத் துணியில அழுக்கு ஒட்டுதான்னு பாருங்க. ஒட்டினா மறுபடி துடைங்க.

4. துருவை அடி வரைக்கும் எடுங்க

ஸ்க்ரூ டிரைவர் நுனியால துரு வந்த இடத்தை நல்லா அழுத்திப் பாருங்க. உள்ள இறங்கினா அது பெயிண்டர் வேலை இல்ல, டிங்கர்கிட்ட கொடுத்துத் தகடு வெட்டி வெல்டிங் வைக்கணும். கெட்டியா இருந்தா, கம்பி பிரஷ்ஷால சுரண்டி, 80 நம்பர் எமரியில ஆரம்பிச்சு 180, 320-ன்னு போங்க. பழைய பெயிண்டோட விளிம்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு இழைச்சு விடுங்க. விளிம்பு படியா நின்னா, கலர் எவ்வளவு சரியா இருந்தாலும் ஒட்டுப் போட்டது தெரியும்.

குழியில மிச்சம் இருக்கிற துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம், துரு கறுப்பா மாறும். கன்வெர்ட்டர் காய எவ்வளவு நேரம், அதுக்கு மேல எந்த பிரைமர் ஒட்டும்னு டப்பாவுல போட்டிருக்கும், அதுபடி செய்யுங்க. தகடு வெளியே தெரியுற இடத்துக்கு ரெண்டு பாகமா வர்ற எபாக்ஸி பிரைமர் நல்லது. வெறும் ரெட் ஆக்சைடு அடிச்சு அப்படியே விட்டா ஈரம் உள்ள போயிரும்.

5. கலரைக் கலந்து, காயவெச்சுப் பாருங்க

பாடி கலருக்கு ஒரு கோட் நம்பர் இருக்கு. இன்ஜின் ரூம்லயோ கதவுத் தூண்லயோ இருக்கிற தகட்டுல, ஸ்டிக்கர்ல பாருங்க. மாருதியில 26யூ-ன்னா சுப்பீரியர் ஒயிட், இசட்2எஸ்-ன்னா சில்க்கி சில்வர். அந்த கோட் நம்பரைச் சொன்னா கம்ப்யூட்டர் மிக்ஸிங் இருக்கிற கடையில கலந்து கொடுப்பாங்க.

ஈ.டி. பிரைமரோட சாம்பல் கலருக்கு அந்த கோட் நம்பர் உதவாது. அதுக்கு இந்தியத் தரப் பட்டியல்ல இருக்கிற சாம்பல்கள்ல இருந்து ஆரம்பிக்கிறது சுலபம். கடையில ஸ்மோக் கிரே, நம்பர் 692-ன்னு கேளுங்க. உங்க வண்டி அடர்த்தியா இருந்தா டார்க் அட்மிரால்டி கிரே, நம்பர் 632. ரெண்டுல எது கிட்டத்துல இருக்கோ, அதுல கறுப்போ வெள்ளையோ சொட்டுச் சொட்டா சேருங்க. பழைய பூச்சு மஞ்சள் பாய்ஞ்சிருந்தா, கடைசியா மஞ்சள் ஒரு சொட்டு போதும். எத்தனை சொட்டு விட்டீங்கன்னு எழுதி வைங்க.

கலந்த பெயிண்டை ஒரு அட்டையில தீட்டி, முழுசாக் காயவிட்டு, காருக்கு அடியில அந்த இடத்தோட ஒட்டிவெச்சுப் பாருங்க. ஈரத்துல ஒரு கலரும் காஞ்சதும் ஒரு கலருமா மாறும். பகல் வெளிச்சத்துலதான் பார்க்கணும். டியூப் லைட்டுல சரியா இருந்தது வெயில்ல வேறயாத் தெரியும்.

6. பளபளப்பும் சொரசொரப்பும் மறக்காதீங்க

கலர் அச்சு அசலா இருந்தும் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிஞ்சா, பெரும்பாலும் பளபளப்புதான் காரணம். அடிப்பக்கம் கம்பெனியில மங்கலா, அரை மெருகோடதான் வரும். முழு பளபளப்புல அடிச்சா துணியில எண்ணெய்க் கறை விழுந்த மாதிரி தனியாத் தெரியும். பெயிண்ட்ல பளபளப்பைக் குறைக்கிற மேட்டிங் கலந்து தரச் சொல்லுங்க.

சொரசொரப்பான பி.வி.சி. இருந்த இடத்துக்கு, மேல பெயிண்ட் அடிக்கக்கூடிய பாடி கோட்டிங்தான் வாங்கணும். தார் கலந்த கோட்டிங் வாங்கிட்டா மேல அடிக்கிற கலர்ல பழுப்பு ஊறி வந்துரும். கோட்டிங்கை அடிச்சதும் முரட்டு பிரஷ்ஷால ஒத்தி ஒத்தி எடுத்தா, சுத்தி இருக்கிற பொரிப் பொரியான பரப்போட சேர்ந்துக்கும். அது காஞ்ச பிறகு மேல கலர் கொடுங்க.

7. பெயிண்ட் படவே கூடாத இடங்கள்

சேசிஸ் நம்பர் பொறிச்ச இடத்தைத் தேய்க்கவும் கூடாது, பூசவும் கூடாது. சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். அப்போ வண்டியைப் பார்க்கிறவங்க முதல்ல சரிபார்க்கிறது அந்த நம்பரைத்தான். நம்பர் தேஞ்சு போச்சுன்னா வீண் அலைச்சல்.

சைலன்சர், பிரேக் டிஸ்க், பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர், எர்த் ஒயர் பிடிக்கிற போல்ட், சென்சார் எல்லாத்தையும் டேப்பும் பேப்பரும் சுத்தி மூடிருங்க. கதவுக்குக் கீழ இருக்கிற தண்ணி வடியுற ஓட்டைகளைக் குச்சியால குத்தித் திறந்து வைங்க. அது அடைஞ்சா தண்ணி உள்ளயே தேங்கி, தகடு உள்ளிருந்து அரிக்கும். கழட்டின ரப்பர் மூடிகளையெல்லாம் திரும்பப் பொருத்துங்க.

8. நாள் பார்த்துச் செய்யுங்க, பாதுகாப்பாச் செய்யுங்க

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நமக்குச் சாரல், கூடவே பலத்த காத்து. அப்போ அடிச்சா பெயிண்ட் வெள்ளையாப் பூத்துப்போகும், தூசி வந்து ஒட்டும். அக்டோபர்ல இருந்து அடைமழை. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் நல்ல காலம். காலையில பனி ஈரம் வத்தின பிறகு ஆரம்பிங்க.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில போகாதீங்க. சமதரையில நிறுத்தி, ஜாக் ஸ்டாண்ட் கொடுங்க. வொர்க்‌ஷாப்ல லிஃப்ட் கிடைச்சா இன்னும் நல்லது. பெட்ரோல் டேங்க் பக்கத்துல கிரைண்டர் தீப்பொறி படக்கூடாது. ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்டைக் கன்ல அடிக்கிற வேலைக்குத் துணி மாஸ்க் போதாது, நுரையீரலைக் கெடுக்கும். அதை வசதியுள்ள பெயிண்டர்கிட்ட விடுங்க. வீட்டுல பிரஷ் வேலையோட நிறுத்திக்கோங்க.

9. அப்புறம் பார்த்துக்கிறது

திருச்செந்தூர் கடற்கரைக்குப் போயிட்டு வந்தா, மறுநாளே அடியில நல்ல தண்ணி அடிச்சு உப்பைக் கழுவுங்க. குற்றாலம் சீசன்ல சகதி ஏறினா வீல் வளைவைக் கழுவுங்க. மிச்சப் பெயிண்டைச் சின்ன டப்பாவுல இறுக மூடி, சொட்டுக் கணக்கையும் ஒட்டி வைங்க. சாரலுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க.

வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் போன்ல படம் எடுத்து, ஆர்.சி. நகலோட வைங்க. வண்டியை விக்கிற நாள் வந்தா, வாங்க வர்றவங்களுக்கு அந்தப் படங்களைக் காட்டுங்க. எங்க துரு இருந்துச்சு, எப்படி எடுத்தோம்னு அவங்களுக்கும் தெரியணும். கலர் பொருந்தணும்னு இவ்வளவு சொல்றது பழுதை மறைக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு ஒரு பழுது வந்தா அது முதல் நாளே தெரியணும், வண்டியில ஏறிப்போற நம்ம பிள்ளைங்க பத்திரமா இருக்கணும், அதுக்காகத்தான்.