தனித்திருக்கும் முதியோரும் தொலைவழி உரையாடலும்

கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச் 25ஆம் நாள் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்நோய் முதியோரையே பெரிதும் தாக்கியமையால், அவர்கள் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். உயிர் காக்கும் பொருட்டு விதிக்கப்பட்ட அத்தடை, கோயிலிலும் பூங்காவிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் நிகழ்ந்துவந்த சந்திப்புகளை நிறுத்திவிட்டது. அக்காலத்தில் தொலைபேசி வழியாகவும் இணைய வழியாகவும் முதியோருக்குத் துணை நின்ற முயற்சிகள் இன்றும் பயன்படத்தக்க பாடங்களைத் தருகின்றன.

தனித்திருத்தலும் தனிமையுணர்வும்

இவ்விரண்டும் வெவ்வேறானவை. ஒருவர் வாரத்தில் எத்தனை பேரைச் சந்திக்கிறார், எத்தனை பேருடன் பேசுகிறார் என்று எண்ணினால் தனித்திருத்தலின் அளவு புலனாகும். தனிமையுணர்வு அவ்வாறு எண்ணத்தக்கதன்று. மக்கள் நிறைந்த வீட்டிலும் பேசுவாரின்றி வருந்தும் முதியோர் உளர். இவ்விரண்டும் இதயநோய், பக்கவாதம், மனச்சோர்வு, நினைவாற்றற் குறைவு ஆகியவற்றிற்கு இடமளித்து வாழ்நாளையும் குறைப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் எடுத்துரைத்தது.

ஆய்வுகள் காட்டுவன

2020இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வீடு தேடி உணவு பெற்றுவந்த 240 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். ஒரு பகுதியினரை 17 முதல் 23 வயது வரையுள்ள இளைஞர்கள் 4 வாரங்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசினர். அவ்விளைஞர்கள் மனநல வல்லுநர் அல்லர். பரிவோடு கேட்பதற்குச் சிறிது பயிற்சி பெற்றவர்களே. முதல் 5 நாட்கள் நாள்தோறும் அழைப்பு நிகழ்ந்தது. பின்னர் எத்தனை நாட்கள் என்பதை அழைக்கப்பட்டவரே முடிவு செய்தார். அழைப்புப் பெறாதவரோடு ஒப்பிடுகையில், பெற்றவரிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன.

அந்நாட்டிலேயே 75 வயதும் அதற்கு மேலும் ஆகி, பிறருடன் தொடர்பு குறைந்திருந்த 186 பேரிடம் மற்றோர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு பிரிவினர் வாரம் 4 முறை, 30 நிமிட நேரம், காணொளி வழியாக உரையாடினர். 6 மாத முடிவில், நினைவாற்றல் சற்றுக் குறைந்திருந்தோரிடம் அறிதிறன் மேம்பாடு காணப்பட்டது.

எனினும் காணொளி அழைப்பு மட்டுமே தனிமையைப் போக்கும் எனத் துணிதல் கூடாது. 2020இல் வெளிவந்த கோக்ரேன் மதிப்பாய்வு, அதுவரை நிகழ்ந்த சோதனைகள் மிகச் சிலவே என்றும், அவற்றின் சான்று உறுதியற்றது என்றும் கூறிற்று. கருவி ஒரு வழியே. அவ்வழியே வரும் மனிதரின் குரல்தான் பயனளிக்கிறது எனலாம்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

1. முதியவரின் செவித்திறன், பார்வை, கைப்பேசி வசதி ஆகியவற்றை முதலில் அறிக. காணொளி இயலாதவிடத்துச் சாதாரணத் தொலைபேசியே போதும்.
2. அழைக்கும் நாளையும் நேரத்தையும் வரையறுத்துக்கொள்க. இயன்றவரை ஒருவரே தொடர்ந்து அழைப்பது நன்று.
3. உடல்நலத்தை மட்டும் வினவாது, அவர் செய்த தொழில், கண்ட ஊர்கள், சமையல், பயிர் ஆகியவை பற்றிப் பேசச் செய்க.
4. கடவுச்சொல், ஓ.டி.பி. எண் ஆகியவற்றை எவரிடமும் கூறலாகாது என்று உணர்த்துக. பணமோசடி நேரின் உடனே 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்கச் செய்க.
5. அழைப்புகளை முன்னறிவிப்பின்றி நிறுத்தற்க. எதிர்பார்த்திருக்கும் முதியவருக்கு அது மற்றுமொரு பிரிவாகிவிடும்.

ஆசிரியர்கள், பெற்றோரின் இசைவுடன், மாணவர்களைத் தத்தம் ஊர் முதியோருடன் உரையாடச் செய்யலாம். ஊரின் பழைய ஏரி, சந்தை, பள்ளி பற்றி மாணவர் வினவும்போது முதியவர் உதவி பெறுபவராக மட்டுமின்றிக் கற்பிப்பவராகவும் ஆகிறார்.

உரையாடலின்போது உணவின்மை, கொடுமை, கைவிடப்படுதல் முதலியன தெரியவந்தால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567ஐ நாடவேண்டும். மனநலத் துணைக்கு 14416 என்னும் எண் உண்டு. தொடர்ந்து இருமுறை அழைத்தும் மறுமொழி இல்லையெனில், அன்றே ஒருவர் நேரிற் சென்று பார்த்துவருதல் இன்றியமையாதது.