சைடு வீல் வண்டி இருக்கும் வீட்டுக்கு... பார்க்கிங் குறிப்புகள்!

மைசூரு ஹெப்பாளில் ஃபேக்டரி ஷிஃப்ட் விடும் நேரத்தில் சாதாரண வண்டிக்கே நிறுத்த இடம் கிடைக்காது. சைடு வீல் வைத்த ஸ்கூட்டர், கையாலேயே பிரேக் போடும்படி மாற்றிய கார் என்றால் கேட்கவே வேண்டாம். மாற்றுத்திறனாளி ஓட்டுநருக்கு நாடு முழுக்கச் செல்லும்படி ஒரு பார்க்கிங் பர்மிட் இன்னும் நம் ஊரில் வரவில்லை. வரும்வரை கையில் இருக்கிற காகிதங்களையும் கொஞ்சம் சாமர்த்தியத்தையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு பழகிப் பழகி நாங்கள் பிடித்துக்கொண்ட வழிகள் இதோ.

1. பர்மிட் இல்லாத குறையைப் பாதி தீர்ப்பது யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான். அதில் வெள்ளைப் பட்டை என்றால் ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் என்றால் 40 முதல் 80-க்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். பெரும்பாலான சலுகைகள் 40-லிருந்துதான் ஆரம்பம் என்பதால், மஞ்சளோ நீலமோ இருந்தால் தயங்காமல் எடுத்து நீட்டுங்க. இன்னும் வாங்காதவர்கள் ஸ்வாவ்லம்பன் தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். புரோக்கருக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

2. அட்டை, லைசென்ஸ், ஆர்.சி. மூன்றையும் போனில் டிஜிலாக்கரில் வரவழைத்து வைத்துவிடுங்க. லைசென்ஸும் ஆர்.சி.யும் அதில் இருந்தால் அசலுக்குச் சமம். 2018-லேயே விதி வந்தாச்சு. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டே பர்ஸைத் துழாவும் அவஸ்தை இருக்காது.

3. அசல் அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்க வேண்டாம். பெயர், நம்பர் எல்லாம் போகிறவர் வருகிறவருக்குத் தெரியும், வெயிலில் அச்சும் வெளுத்துவிடும். ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து, நம்பர் இருக்கும் இடத்தில் பேப்பர் துண்டு ஒட்டி மறைத்து, லேமினேட் செய்து வைத்தால் போதும்.

4. கடையில் விற்கும் நீலச் சக்கர நாற்காலி ஸ்டிக்கருக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. ஆனாலும் ஒட்டுங்க! தூரத்திலிருந்தே பார்க்கிங் பையன் பார்த்துவிட்டு இடம் காட்டுவான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

5. இதுதான் முக்கியமானது. பீரோவிலிருந்து ஆர்.சி.யை எடுத்து, உரிமையாளர் வகை என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்க. 2020 அக்டோபரில் மத்திய அரசு படிவம் 20-ஐத் திருத்தியதிலிருந்து, அங்கே ‘திவ்யாங்ஜன்’ (மாற்றுத்திறனாளி) என்று பதியலாம். அதற்கு முன் வாங்கிய வண்டியென்றால் பெரும்பாலும் வெறும் ‘தனிநபர்’ என்றுதான் இருக்கும். சைடு வீல், கை பிரேக் மாதிரி மாற்றங்கள் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்த்துவிடுங்க; மெக்கானிக் பொருத்திக் கொடுத்ததோடு விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய. கே.ஏ. 09-ஓ, கே.ஏ. 55-ஓ, உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு முறை அலைந்து இதைச் சரிசெய்துவிட்டால், டோல்கேட்டிலும் இன்ஷூரன்ஸிலும் தினமும் வாயாட வேண்டியதில்லை.

6. அப்படிப் பதிந்த ஆர்.சி. இருந்தால் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது சும்மா இருக்காதீங்க. மாற்றுத்திறனாளிக்காக மாற்றிய வண்டிக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடிக்கு இந்திய மோட்டார் டாரிஃபிலேயே இடம் உண்டு. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

7. காரில் பெங்களூரு போகிறவர்களுக்கு: உடல் ஊனமுற்றவர் ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதி 2008-ன்படி விலக்கு உண்டு. ஆனால் கணங்கூரு டோலிலோ பிடதி பக்கத்து டோலிலோ அட்டையை எடுத்துக் காட்டுவதற்குள் சாதா ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் போயிருக்கும்! விலக்கு பெற்ற ஃபாஸ்டேக் என்றே தனியாக ஒன்று இருக்கிறது. ஆர்.சி., லைசென்ஸ், அட்டை நகல்களோடு நெடுஞ்சாலை ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கிவிடுங்க.

8. ஸ்கூட்டர்காரர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் மெயின் பாதையில் டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போவதானாலும் சர்வீஸ் ரோடுதான்.

9. சைடு வீலையும் சேர்த்து எண்ணி, “நாலு சக்கரம் இருக்கே, கார் ரேட் குடுங்க” என்று கேட்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே ஆர்.சி.யைக் காட்டுங்க, அதில் கார் என்று எங்கேயும் இருக்காது. ரேட் போர்டில் டூவீலருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் கொடுத்தால் போதும்.

10. டோக்கன் கிழிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கிழித்த பிறகு கேட்டால் “ஓனரைக் கேட்கணும்” என்ற பதில்தான் வரும். கன்னடத்தில் “விகலசேதனரிகே ரியாயிதி இதியா?” (மாற்றுத்திறனாளிக்குச் சலுகை உண்டா?) என்று ஒரு வரி பழகிக்கொள்ளுங்க. இலவசமோ பாதிக் கட்டணமோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இல்லையென்றாலும் வாசலுக்குப் பக்கத்தில் இடமாவது காட்டுவார்கள்.

11. ரேட் போர்டில் ‘மாற்றுத்திறனாளிக்கு இலவசம்’ என்று இருந்தும் காசு கேட்டால், அங்கே நின்று தொண்டை வறளக் கத்த வேண்டாம். போர்டையும் ரசீதையும் ஒரே போட்டோவில் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டு கிளம்பிடுங்க. மாநகராட்சி இடமென்றால் மாநகராட்சிக்கு முதலில், அடுத்து பெங்களூருவில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐ மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் போட 89-ஆம் பிரிவு இருக்கிறது என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்க. பலன் கூடும்.

12. அபார்ட்மென்டில் லிஃப்ட் பக்கத்து இடம் கேட்கிறீர்களா? வெறும் வாயால் கேட்டால் “எல்லாருக்கும்தான் கஷ்டம்” என்பார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மாற்றுத்திறனாளி பார்க்கிங் 3.6 மீட்டர் அகலம், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். டெய்லர் டேப்பை எடுத்துப்போய் இப்போதுள்ள இடத்தை அளந்து, அந்தக் கணக்கை எழுதி அசோசியேஷன் மீட்டிங்கில் வையுங்க.

13. ஒதுக்கிய இடம் இல்லாத பார்க்கிங்கில் வரிசையின் கடைசி இடத்தைப் பிடிங்க. காரென்றால் டிரைவர் கதவு சுவரும் பக்கத்து வண்டியும் இல்லாத பக்கம் வரும்படி ரிவர்ஸில் விட்டால், கதவை முழுக்கத் திறந்து சக்கர நாற்காலியை இறக்க இடம் கிடைக்கும். நடுவில் மாட்டிக்கொண்டால், நாம் திரும்பி வரும்போது பக்கத்து வண்டி ஒட்டி நிற்கும்.

14. வரிசை சரிசெய்கிறேன் என்று பார்க்கிங் ஆள் பின்பக்கம் பிடித்து இழுத்தால் சைடு வீல் ராடு வளைந்துவிடும். வெல்டிங் செலவு நம் தலையில். சைடு வீல் மேலேயே ‘எளெயபேடி’ (இழுக்காதீர்கள்) என்று கன்னடத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்க. வெள்ளை ரேடியம் டேப் மேல் கறுப்பு மார்க்கர் மழைக்கும் நிற்கிறது.

15. ரயிலுக்குப் போகும்போது ஹெப்பாள்காரர்கள் ஜங்ஷன் முன்வாசலுக்குச் சுற்ற வேண்டாம். கே.ஆர்.எஸ். ரோடு வழியாக வந்து சி.எஃப்.டி.ஆர்.ஐ. பக்கத்து இரண்டாவது வாசலில் இறங்கிக்கொள்ளலாம். ரயில் நிலையம், பஸ் நிலையம், விமான நிலையம் மூன்றிலும் நமக்கேற்ற பார்க்கிங் இருக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 41-ஆம் பிரிவே சொல்கிறது. ஸ்டேஷனில் ஏதாவது சிக்கல் என்றால் 139-க்கு அடிங்க.

16. ஞாயிறு சாயங்காலம் அரண்மனை விளக்கு பார்க்க ஆசைப்பட்டால், அன்று மட்டும் சொந்த வண்டி வேண்டாம். ஆட்டோவில் போய் வாசலில் இறங்குவதுதான் லாபம். தசரா சமயத்துக்கும் இதேதான்.

17. சொந்தக்காரர் காரில் போகும்போது ஆர்.சி. உதவாது, அது அவர் பெயரில் இருக்கும். அட்டைதான் பேசும், அதனால் அதைத் தனியாக ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டுப் போகாதீங்க. இங்கிலாந்தில் தரும் புளூ பேட்ஜும் இப்படித்தான், வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. எந்தக் காரில் ஏறினாலும் கூடவே வரும்.

18. “உங்க கார்டைக் கொஞ்சம் குடுங்க, மால்ல காட்டிட்டுத் தர்றேன்” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் என்ன செய்வது? சலுகையை ஏமாற்றி வாங்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவைச் சொல்லுங்க. அக்காவே வேண்டாம் என்றுவிடுவார், நட்பும் கெடாது.

19. வீட்டு கேட்டிலேயே வண்டி ஏற மாட்டேன் என்கிறதா? சரிவுக்கு எளிய கணக்கு, ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். படி 6 அங்குலம் என்றால் ராம்ப் 6 அடி. இடம் பத்தாது என்று மேஸ்திரி குறுக்கினால் விடாதீங்க, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் கட்டச் சொல்லுங்க.

20. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பெயின்ட் அடித்த தரை மழைநாளில் வழுக்கும். ஊன்றுகோல் ரப்பர் புஷ்ஷைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்க. அடியில் வட்டக் கோடுகள் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால் உடனே மாற்றுங்க. மெடிக்கல் கடையில் ஜோடியாகக் கிடைக்கும், ஒரு ஜோடி ஸ்கூட்டர் டிக்கியிலேயே கிடக்கட்டும். தேய்ந்ததைத் தூக்கிப் போடாமல் நாற்காலிக் காலில் மாட்டிவிட்டால், இழுக்கும்போது கீச்சென்ற சத்தமும் வராது, தரையிலும் கோடு விழாது.